கடைசி பெஞ்சுக்கு இருபத்திரண்டு

செஞ்சி,
12.01.2025

பிரியமுள்ள அன்புவுக்கு,

நானும் மாமாவும் நலம். உங்கள் நலத்தை வீடியோவில் பார்க்கிறேன், நம்பிக்கை வரவில்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. இரண்டு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு "சாப்ட்டேன் தமிழ்" என்று சொல்லும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தபால் ஆபீஸில் ராஜாங்கம் அண்ணன் கேட்டார். ஊர் விஷயம் போனில் பேசுவோம், வீட்டு விஷயம் கவரில் பேசுவோம் என்றேன். வேறென்ன சொல்வது? குழந்தைப் பேச்சை எடுத்தால் பத்தாவது நிமிடம் நான் அழுகிறேன், பதினோராவது நிமிடம் நீங்கள் "சிக்னல் இல்ல தமிழ்" என்கிறீர்கள். செஞ்சியில் இருக்கிற சிக்னல் பாஸ்டனில் இல்லையாம். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் காகிதத்தில் பேசலாம் என்று நீங்கள் சொன்னதும் சரி என்றேன். காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் சம்பளமில்லா விடுப்பில் அங்கே வந்து ஏழு மாதம் ஊசி குத்திக்கொண்டேன். முதலில் வைத்த கரு தங்கவில்லை. விடுப்பு முடிந்தது, மாமாவுக்குக் கால் வீங்கியது, கிளம்பி வந்துவிட்டேன். மிச்சம் மூன்று கரு அங்கே ஆஸ்பத்திரியில் உறைந்து கிடக்கிறது. மார்கழிப் பனிக்கே மாமா காதைச் சுற்றி மப்ளர் கட்டுகிறார். நம் மூன்றுக்கும் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. பாடம் நடத்தும்போது திடீரென்று அந்த நினைப்பு வந்து கையில் சாக்பீஸோடு நின்றுவிடுகிறேன்.

டாக்டர் திரையில் படம் காட்டியபோது வேகமாக வளர்ந்ததை முதல் பெஞ்ச், அடுத்ததை நடு பெஞ்ச், மெதுவாகப் பிரிந்துகொண்டிருந்ததைக் கடைசி பெஞ்ச் என்று பெயர் வைத்தீர்களே, நான் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். கடைசி பெஞ்ச் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் வரும்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரிணாமம் நடத்தி முடித்தேன். ஒருத்தி எழுந்து, "மிஸ், நம்ம கோட்டைல இருக்குற குரங்குங்கல்லாம் எப்ப மனுசனா ஆவும்?" என்றாள். "டூரிஸ்ட் கையிலேர்ந்து பிஸ்கட் பாக்கெட்ட புடுங்குற அளவுக்குப் புத்தி இருக்குது, அதுக்கு அது போதும்டி" என்றேன். வகுப்பே சிரித்தது. பரிணாமம் என்பது மேலே ஏறிக்கொண்டே போகிற படிக்கட்டு இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றுகிறது. ராஜகிரிக் கோட்டைப் படிக்கட்டைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், அது அவர்களுக்கு ஏறமாட்டேன் என்கிறது.

மே மாதம் பள்ளி விடுமுறையில் வருகிறேன். டாக்டரிடம் தேதி வாங்கி வையுங்கள். எனக்கு அடுத்த மாதம் முப்பத்தெட்டு முடிகிறது. இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

பொங்கலுக்கு நீங்கள் இல்லாத வீட்டில் பொங்கப்போகிறோம். மாமா கேட்கமாட்டார். ஆனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்காவது உங்கள் நைனாவுக்கு நீங்களாகப் போன் செய்யுங்கள்.

என்றும் உங்கள்,
தமிழினி


பாஸ்டன்,
28.01.2025

அன்புத் தமிழுக்கு,

உன் கடிதத்தைப் பனியில் நனைந்த பெட்டியிலிருந்து எடுத்தேன். மை கொஞ்சம் கலைந்திருந்தது. சமையலறையில் நின்றபடி மூன்று முறை படித்தேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இதைப் போனில் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று தெரியவில்லை.

மே மாதம் பதினைந்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் தேதி தருவதாக டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனியில் என்ன வேலை என்று நீ கேட்டபோதெல்லாம் உடல்நலப் புள்ளிவிவரம் என்று சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. கருவின் மரபணுவைப் பார்த்து, பிறக்கப்போகிற குழந்தைக்கு என்ன நோய் வரலாம், எவ்வளவு உயரம் வளரும், எவ்வளவு அறிவோடு இருக்கும் என்று மதிப்பெண் போடுகிற கம்பெனி அது. அந்த மதிப்பெண்ணுக்கான கணக்கை எழுதுகிற ஆட்களில் நானும் ஒருவன். லட்சக்கணக்கான பேருடைய மரபணுவையும் அவர்கள் எத்தனை வருடம் படித்தார்கள் என்பதையும் வைத்து ஒப்பிடுவோம். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் இந்தக் கரு எத்தனை பேரைத் தாண்டி நிற்கும் என்பதுதான் அந்த எண். உறைய வைக்கும் முன் நம் மூன்றிலிருந்தும் நாலைந்து செல் எடுத்தார்களே, நோய் இருக்கிறதா என்று பார்க்க. அந்த விவரத்தை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன். நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அதிகாரத்தில் படிவத்தை நிரப்பி உனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். கோபப்படாதே.

ஏன் என்று சொல்கிறேன். சென்னையில் ஆராய்ச்சி முடித்த அன்று ஒரு பேராசிரியர் என் தோளில் கை போட்டு, "உங்க ஆளுங்கள்ல உன்ன மாதிரி ஒருத்தன் வர்றது அபூர்வம்பா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காக இன்றுவரை என் மேலேயே எனக்கு வெறுப்பு. என் பிள்ளை யாருக்கும் அபூர்வமாக இருக்கக் கூடாது. எவன் முன்னாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்னும் இருபது வருடத்தில் இங்கே வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் எல்லாம் இப்படிப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்களாக இருப்பார்கள். அதற்கப்புறம் மூளையிலேயே ஏதாவது பொருத்திக்கொள்வார்கள், அதற்கும் ஆள் வேலை பார்க்கிறான். லட்சம் வருடம் காத்திருந்து வளர்ந்த மூளைக்கு இனிமேல் காத்திருக்கப் பொறுமை கிடையாது. பள்ளிக்கூடத்துக்குள் நம்மை விட்டதே நேற்றுத்தான். அடுத்த பள்ளிக்கூடம் கருவிலேயே ஆரம்பிக்கிறது என்றால் அங்கேயும் நாம் பிந்திப் போக வேண்டுமா?

ஒரு சிக்கல். எங்கள் கணக்கு வெள்ளைக்காரர்களின் விவரத்தில் கட்டியது. நம்மவர்களுக்கு அது தடுமாறும். அதைத் திருத்த நம் குடும்பத்தாரின் எச்சில் வேண்டும். உனக்கும் நைனாவுக்கும் குழாய்கள் கூரியரில் வருகின்றன. கூடவே ஒரு சின்னப் படிவமும் இருக்கும். தயவுசெய்து அனுப்பு.

உன்,
அன்பு


செஞ்சி,
16.02.2025

அன்புவுக்கு,

பிரியமுள்ள என்று எழுதக் கை வரவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

என்னிடம் கேட்காமல் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஊசி வாங்க, ரசீது வாங்க என்று நம்பிக் கொடுத்த அதிகாரம் அது. முதலில் அதை உங்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எச்சில் அனுப்பிவிட்டேன். அந்தக் கூத்தைக் கேளுங்கள். அரை மணி நேரம் எதுவும் வாயில் போடக் கூடாது என்று குழாயில் எழுதியிருந்தது. மாமா தலையாட்டினார். நான் உள்ளே போய் வருவதற்குள் வெற்றிலைச் சாறோடு துப்பி, குழாய் முழுக்கச் சிவப்பு. நல்லவேளை நீங்கள் ஒன்று கூடுதலாக வைத்திருந்தீர்கள்.

"இன்னாத்துக்கு எச்சி கேக்குறான்?" என்றார்.

"நம்ம குடும்பத்துல யாருக்கு எவ்ளோ புத்தின்னு பாக்கறதுக்காம் மாமா."

"எச்சிலயா புத்தி இருக்குது? அப்ப ஆயுசு பூரா துப்பிட்டேனே."

நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. பிறகு உங்கள் படிவத்தை எடுத்தேன். படித்த வருடங்கள் என்று ஒரு கட்டம். மாமாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறாரா தெரியாது.

"கைய தலமேல சுத்தி அந்தாண்ட காத தொடுன்னாரு வாத்தியாரு. எனுக்கு எட்டல. வயசு பத்தல, அடுத்த வருசம் வான்னு தொரத்திட்டாரு. அடுத்த வருசமும் எட்டல. மூணாவது வருசம் நல்லாவே எட்டுச்சு. காது எட்டுற கையி மண்ணுகூட தூக்குமேன்னு ஆண்டை வூட்ல கேட்டாங்க. அப்டியும் எங்க நைனா ரெண்டு வருசம் அனுப்புனாரு. அப்புறம் முடியல."

கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். என் கட்டத்தில் பதினெட்டு. உங்கள் கணக்கு இந்த இரண்டை யாருடைய மரபணுவில் போடும் அன்பு? மாமாவுடையதிலா, அந்த வாத்தியாருடையதிலா?

நீங்கள் கணக்கு படித்தவர், நான் விலங்கியல் படித்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அறிவுக்கென்று தனியாக ஒரு ஜீன் கிடையாது. ஆயிரக்கணக்கில் இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு நாலு வேலை பார்க்கிறது. அரிவாள் செல் நோய் பற்றி வருடாவருடம் நடத்துகிறேன். அந்த ஜீன் இரண்டு வந்தால் ஆளை வாட்டும், ஒன்று மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து காப்பாற்றும். கெட்டது என்று அன்றைக்கே ஒருத்தன் பொறுக்கி எறிந்திருந்தால் எத்தனையோ ஊர் காலியாகியிருக்கும். நீங்கள் புத்தியைக் கூட்டும்போது கூடவே எது கூடுகிறது, எது போகிறது என்று உங்கள் கம்பெனிக்குத் தெரியுமா? தூக்கம் போகுமா, சிரிப்பு போகுமா? பிறந்து முப்பது வருடம் கழித்துத்தானே தெரியும். அப்போது யாரிடம் போய்க் கேட்பது?

இவ்வளவும் பேசிவிட்டு ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். குழாயை மூடும்போது, முதல் பெஞ்சுக்கு நல்ல நம்பர் வரட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். எனக்கும் ஆசை வந்தது. அந்தப் பேராசிரியர் சொன்னதை எனக்கும் நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் நம்பர் எதுவாக வந்தாலும் மூன்றும் நம்முடையது. முதலில் ஒன்றை வைப்போம். தங்கவில்லையென்றால் அடுத்தது. அதுவும் இல்லையென்றால் கடைசி பெஞ்ச். மறுபடி ஊசி போட்டு முட்டை எடுக்க என் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். எனக்கு இருப்பது மூன்று வாய்ப்பு, அன்பு. மூன்றே மூன்று.

தமிழினி


பாஸ்டன்,
06.03.2025

தமிழ்,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். கணக்கைத் திருத்தும் முன்பே எண்கள் வந்துவிட்டன.

முதல் பெஞ்சுக்கு எண்பத்தொன்று. நடு பெஞ்சுக்கு அறுபத்துநாலு. கடைசி பெஞ்சுக்கு இருபத்திரண்டு.

கடைசி பெஞ்ச் இப்போது இல்லை.

ஜனவரியில் நான் நிரப்பிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. முப்பதுக்குக் கீழே வரும் கருவை வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்று. வேண்டாம் என்ற பெட்டியைத் தொட்டேன். அப்போது எண் எதுவும் வந்திருக்கவில்லை. எனக்கு அது ஒரு கணக்கில் எல்லை குறிப்பது போலத்தான் இருந்தது, தினமும் நூறு முறை நான் செய்கிற வேலை. எது எல்லைக்கு அந்தப் பக்கம் விழும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உன் கடிதம் பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி கைக்கு வந்தது. மூன்றே மூன்று என்று எழுதியிருந்தாய். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இருபத்தாறாம் தேதியே வெளியே எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். படிவத்தில் உள்ளபடி நடந்தது என்று அந்தப் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

கையெழுத்து என்னுடையது. ஆகையால் அவர்கள் மேல் குற்றமில்லை.

சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கே நான் சொல்லிப் பார்க்கிறேன். இருபத்திரண்டை எப்படியும் கடைசியில்தான் வைத்திருப்போம், அதற்கு முன் மற்றதில் ஒன்று தங்கியிருக்கும், இன்னும் இரண்டு நன்றாக இருக்கிறது. எல்லாம் கணக்குப்படி சரி. ஆனால் ஆபீஸிலிருந்து வரும்போது ரயிலில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

என்னைத் திட்டியாவது எழுது.

அன்பு


செஞ்சி,
23.03.2025

நான் உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போய் ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். வீட்டில் மாமா முகத்தைப் பார்த்துக்கொண்டு படிக்க முடியாது என்று ஏனோ தோன்றியது.

பள்ளியில் தேர்வு நடக்கிறது. அன்று மதியம் எனக்கு மேற்பார்வை. படித்த கையோடு ஹாலுக்குள் போனேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், இன்னொரு பேப்பர் குடுங்க" என்றாள். எழுத நிறைய இருந்தது அவளுக்கு. பேப்பரைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைமையாசிரியை வந்து, தலை சுற்றுகிறதா, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவரே நின்றார்.

என் வகுப்பில் நாற்பத்தொரு பேர். உங்கள் கணக்குப்படி பார்த்தால் அதில் ஒன்பது பேராவது இருபத்திரண்டுக்குக் கீழே இருப்பார்கள். அந்த ஒன்பது பேர் யார் என்று நான் பார்க்க ஆரம்பித்துவிட்டேன் அன்பு. பதினொரு வருடமாக இல்லாத புத்தி. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்து இவளா, அவளா என்று தேடுகிறேன். உங்கள் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. இதை எப்படித் துடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திட்டச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். திட்டு வரவில்லை. மே மாதம் வரமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுவும் முடியவில்லை. மிச்சம் இரண்டும் அங்கே இருக்கிறது, எனக்குப் பிள்ளை வேண்டும், நான் வந்துதான் ஆக வேண்டும். என் கோபத்துக்கு உங்களிடம் ஒரு மதிப்பும் இல்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

ஒரு வாரத்துக்குப் போன் செய்ய வேண்டாம்.

தமிழினி


பாஸ்டன்,
11.04.2025

தமிழ்,

ஒரு வாரம் என்றாய், பத்து நாள் இருந்தேன். நீயாகப் போன் செய்து, பேசாமல் ஒரு நிமிடம் மூச்சு விட்டுவிட்டு வைத்தாய். அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

எச்சில் முடிவு வந்துவிட்டது. முதலில் என் கண்ணை நம்பாமல் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். உனக்கு ஐம்பத்தேழு. எனக்கு நாற்பத்தொன்று. நைனாவுக்கு எண்பத்தெட்டு.

எண்பத்தெட்டு, தமிழ். எங்கள் அலுவலகத்தில் தங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தவர்களில் அதற்கு மேல் இரண்டே பேர்தான்.

நைனா கோட்டையில் சுவர் பூசும் வேலைக்கு இருபத்தாறு வருடம் சுண்ணாம்புச் சட்டி சுமந்தார். அங்கே இன்ஜினியர்கள் டேப்பும் நோட்டும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இடிந்த சுவரை நைனா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நூத்தி நாப்பது சட்டி புடிக்கும் சார்" என்பார். நூற்று முப்பத்தெட்டோ நூற்று நாற்பத்திரண்டோதான் பிடிக்கும். பழக்கம் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நல்ல வேலைக்காரன் என்று சொல்லி அடுத்த நாளும் சட்டியைத்தான் தலையில் வைத்தார்கள்.

என் நிலைமையைப் பார். இந்த எண் சரியென்றால், என்னைவிட அத்தனை மேலான ஒரு மூளையை அறுபது வருடம் மண் சுமக்க வைத்திருக்கிறார்கள், எண்ணால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நாற்பத்தொன்றை வைத்துக்கொண்டு நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அவர் என்னைப் பள்ளிக்கு அனுப்பியதால் மட்டும்தான். இந்த எண் தப்பென்றால், ஒரு தப்பான எண்ணைப் பார்த்து நம் பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எந்தப் பக்கம் போனாலும் நான் செய்தது தப்பாகவே நிற்கிறது. இரண்டு வாரமாக வேறொரு பக்கம் இருக்கிறதா என்று தேடுகிறேன்.

கணக்கு திருத்த எச்சில் கேட்டேன். திருத்துவதற்கு இனி என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

நைனாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன். எனக்கு அவர் குரலைக் கேட்கப் பயமாக இருக்கிறது. வயல் பக்கம் போய்விட்டு வரும்போது என் போன் வந்ததா என்று கேட்கிறாரா?

அன்பு


செஞ்சி,
27.04.2025

அன்புள்ள அன்புவுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். மே இருபத்தைந்தாம் தேதி கிளம்புகிறேன், ஜூனில் இரண்டு வாரம் விடுப்பு போட்டிருக்கிறேன். மாமாவை மூன்று வாரம் பார்த்துக்கொள்ள என் தம்பி ரஞ்சித் வந்து தங்குகிறான்.

வருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மிச்சம் இருக்கும் இரண்டில் எதை வைக்கிறோம் என்று நமக்குச் சொல்லக் கூடாது என்று டாக்டரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் எதையாவது எடுத்து வைக்கட்டும். நீங்கள் பார்த்த நம்பரை மறக்கச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் பிள்ளை கணக்கில் தோற்றுப்போய் வருகிற அன்றைக்கு, இது எண்பத்தொன்றா அறுபத்துநாலா என்று நீங்கள் அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது. நானும் பார்க்கக் கூடாது. எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது என்று எழுதினேனே. இதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன்.

மாமாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது யோசிக்கிறேன். ஆனால் அவருடைய எச்சில், அவருக்குத் தெரிய வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூழ் குடித்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"மாமா, எச்சி ரிசல்ட் வந்துடுச்சு."

"பாஸா, பெயிலா?"

"வீட்லயே உங்களுக்குத்தான் அதிகம். எம்பத்தெட்டு. உங்க புள்ளைக்கு நாப்பத்தொண்ணுதான்."

விசிறுவதை நிறுத்திவிட்டு, "அதுக்கு இப்ப இன்னா பண்றது?" என்றார். உண்மையாகவே கேட்டார், ஏதாவது செய்ய வேண்டுமோ என்று. மறுபடி விசிற ஆரம்பித்தார்.

"உள்ளாற வெச்சிருக்குற பசங்களுக்கு எவ்ளோ?"

சொன்னேன். முதலுக்கு, நடுவுக்கு.

"மூணாவதுக்கு?"

"இருவத்திரெண்டு மாமா."

"பரவால்ல வுடு. அத நான் பாத்துக்குறேன். நீ வேலைக்கிப் போயிட்டாகூட நான் கூடவே இருக்குறேன். மெல்ல மெல்ல கத்துக்கும்."

அன்பு, அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"அது இல்ல மாமா."

"இல்லன்னா?"

"வேணான்னு எடுத்துட்டாங்க."

"யாரு எடுக்கச் சொன்னது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான். எழுந்தார். கொடியிலிருந்த துண்டை எடுத்தார். பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து வாளியை நிரப்பி, கட்டியிருந்த வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டார். மூன்று வாளி. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, யாருக்கு இன்னா ஆச்சி?" என்று பதறினாள். மாமா தலையைத் துவட்டாமலே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

சாவு என்று கேள்விப்பட்டால் நம் வீட்டில் தலை முழுகுவோம். இனிமேல் அவன் நமக்கு இல்லை என்று ஒருத்தனை விடும்போதும் தலை முழுகிட்டேன் என்றுதான் சொல்வோம். இரண்டுக்கும் ஒரே வார்த்தை, ஒரே தண்ணீர். மாமா எதற்கு முழுகினார் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து உங்கள் பேச்சை அவர் எடுக்கவில்லை. உங்கள் போன் வந்ததா என்றும் கேட்கவில்லை. மற்றபடி சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார், என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார்.

மழை இல்லை. வெயில் மலையில் பட்டுத் தெறிக்கிறது. உங்களுக்கு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், கோபத்தில் போட்டதால் உப்பு கொஞ்சம் கூடுதல்.

தமிழினி


பாஸ்டன்,
12.05.2025

என் தமிழுக்கு,

இது உனக்குக் கிடைக்கும்போது நீ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். பதில் எழுத நேரம் இருக்காது.

டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எதை வைத்தார்கள் என்று நமக்கு எப்போதும் சொல்ல மாட்டார்கள். என் கம்ப்யூட்டரில் இருந்த தாளையும் அழித்தேன். நீ சொன்னது போல நம்பரை மறக்க முடியவில்லை, ஆனால் அது யாருடையது என்று தெரியாமல் போகும்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. என் விசா அந்த வேலையில் இருக்கிறது, மிச்சம் இரண்டும் இருக்கிற ஆஸ்பத்திரிச் செலவும் அந்த வேலையின் இன்சூரன்ஸில்தான் இருக்கிறது. தினமும் போய் உட்கார்ந்து மற்றவர்கள் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிறேன். முப்பதுக்குக் கீழே வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நைனாவுக்குத் தினமும் போன் செய்கிறேன். மணி அடித்து நிற்கிறது. முன்பெல்லாம் இரண்டாவது மணியில் எடுத்துவிடுவார், "இன்னாப்பா, சாப்ட்டியா" என்று. அதற்கு மேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை வருடம் போன் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

"அத நான் பாத்துக்குறேன்" என்றாராமே. அவரிடம் கேட்டிருந்தால் போதும், தமிழ். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்புவதற்கு முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேள். அன்றைக்கு யாருக்காகத் தலை முழுகினார் என்று. விமான நிலைய வாசலில் நான் நிற்பேன். பிள்ளைக்காக என்று சொல்லியிருந்தால், என்னைப் பார்த்ததும் முதலில் அதைச் சொல்லிவிடு. எனக்காக என்று சொல்லியிருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் என் கூடவே நடந்து வா. நான் தெரிந்துகொள்வேன்.

உன்,
அன்புச்செல்வன்